எரிந்த காடு, புதைந்த காடு

மரியாதை தெரிந்த மனிதர் என்று பெயர் எடுத்திருந்ததுதான் பொன்னையாவுக்கு வினையாக வந்தது. கொஞ்சம் முரட்டு ஆளாக இருந்திருந்தால், அன்று அந்த நில அளவையாளர் கேட்ட கேள்விக்குச் சிங்களத்திலேயே பதில் சொல்லியிருப்பார். காரியம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

யட்டவத்த கடைவீதியைத் தாண்டி மேலே ஏறினால் மேக்கந்தைத் தோட்டம். அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு பங்கு பங்காகப் பிரிந்து ஊராருக்குப் போனது. மேல்கணக்கை யாரும் கேட்கவில்லை. றப்பரும் கொக்கோவும் தம்பாட்டில் வளர்ந்து, கொடி ஏறி, பன்றி குடிபுகுந்து, பார்க்கிறவர்களுக்குக் காடு போலவே ஆகிவிட்டன. லயம் என்கிற வரிசைக் குடியிருப்பின் ஆட்களில் பாதிப்பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு மீதியில் பெரும்பாலோர் வவுனியாப் பக்கம் போனார்கள். பொன்னையாவும் மனைவி ராசம்மாவும் மட்டும் இன்னும் சில குடும்பங்களோடு அந்த இடிந்த லயத்திலேயே இருந்தார்கள்.

காரணம் ஒன்றுதான். பஞ்ச வருஷத்தில், மரவள்ளிக்கிழங்கும் அகப்படாமல் போன மாதத்தில், அவர்களுடைய ஒரே மகள் அஞ்சலை மண்ணுக்குள் போனாள். லயத்துக்கு மேலே, சரிவில் இருக்கிற மயானத்தில் அவளுக்கு ஒரு மேடு உண்டு. மேட்டின் தலைமாட்டில் ராசம்மா நட்ட குரோட்டன் செடி உண்டு.

"புள்ளைய தனியா விட்டுட்டு நா எங்கயும் வரல்ல" என்று ராசம்மா சொல்லிவிட்டாள். "எனக்கு ஊரும் வேணாம், காணியும் வேணாம். என்னய அவ பக்கத்துல வச்சிரு. அது போதும்."

வாழ்நாள் முழுக்க அவள் கணவனிடம் கேட்ட ஒரே சொத்து அது. ஆறடி மண். அதைக்கூடக் கொடுக்க முடியாதா என்று பொன்னையா நினைத்திருந்தார். அப்போது மாத்தளையில் வன வகுப்பீட்டுத் திட்டச் செயலகம் திறந்திருக்கவில்லை.

அந்தச் செயலகத்தின் வேலை எளிமையானது. மாவட்டத்தில் மரம் நிற்கிற நிலம் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதுகாக்க வேண்டிய காட்டுக்குப் பச்சை. வெட்ட வேண்டிய காட்டுக்குச் சிவப்பு. நாவுலயிலிருந்து நாலந்தா வரை வரைபடத்தில் எங்கே கையை வைத்தாலும் இந்த இரண்டில் ஒன்று ஒட்டியது. மனிதர் இருக்கிற இடத்துக்கு என்ன நிறம் என்று ஒரு குமாஸ்தா கேட்டாராம். முதலாண்டு நிதி ஒதுக்கீட்டில் இரண்டு பென்சில் வாங்கத்தான் இடமிருக்கிறது என்று பதில் வந்ததாம்.

எண்பத்தாறாம் ஆண்டு பங்குனியில் அந்த அளவையாளர் மேல்கணக்குக்கு வந்தார். சின்ன வயது, சிரித்த முகம். அரசாங்கம் நடத்திய தமிழ்ப் பரீட்சையில் தேறியிருந்தார். அதற்காகச் சம்பளத்தில் ஒரு சிறு உயர்வும் வாங்கியிருந்தார். படித்த தமிழைப் பேசிப் பார்க்க அவருக்கு அதுவரை ஒருவரும் அகப்படவில்லை. மயானத்துப் பக்கம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பொன்னையா அகப்பட்டார்.

"ஐயா, இந்த இடத்தின் பெயர் என்ன இருக்கிறது?"

மயானத்தைக் குறிக்கும் சொஹொன என்ற சிங்களச் சொல் பொன்னையாவின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பையன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தார். தமிழில் கேட்டவருக்குச் சிங்களத்தில் சொன்னால், உன் தமிழ் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னது போல ஆகிவிடாதா?

"சுடுகாடுங்க மாத்தயா."

"சுடு... காடு." அளவையாளரின் முகம் மலர்ந்தது. இரண்டு சொல்லும் அவர் பாடப்புத்தகத்தில் இருந்தவை. "நெருப்பு. காடு. புரிந்தது. மிக நன்றி ஐயா."

உண்மையில் அங்கே யாரையும் சுடுவதில்லை. பிணம் எரிக்கிற அளவுக்கு விறகு எந்தக் கூலிக்காரனிடம் இருந்தது? எல்லாரையும் புதைத்தார்கள். பெயர் மட்டும் இந்தியாவிலிருந்து கப்பலில் கூடவே வந்துவிட்டது. இதையெல்லாம் விளக்கவேண்டும் என்று பொன்னையாவுக்குத் தோன்றவில்லை. ஒரு பிள்ளைக்கு உதவி செய்தோம் என்ற திருப்தியோடு விறகைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மழைக்கு முன்பே பலகை வந்துவிட்டது. சிவப்புப் பலகை. "மேக்கந்தை எரிந்த காடு. மரம் வெட்டும் பகுதி. மீள் நடுகைக்கு ஒதுக்கப்பட்டது." எரிந்த காடு இன்னொரு தடவை எரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலரும் வந்தார். பலீல் என்று பெயர், யட்டவத்த ஆள்தான். பலகையை ஊன்றிவிட்டு, சுற்றிலும் இருந்த மேடுகளையும் குரோட்டன் செடிகளையும் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டோடு வந்து நின்ற பொன்னையாவைப் பார்த்தார்.

"பொன்னையாண்ணே, இது மையத்து அடக்குற புட்டிதானே?"

"ஆமா பலீல் நானா."

"பலகைல வேற மாதிரி ஈக்கே."

"நானும் அதத்தான் பாக்குறேன்."

பொன்னையாவை மாத்தளைக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்தது. காட்டுக்குத் தீ வைத்தது யார் என்ற விசாரணை.

விசாரித்தவர் உதவித் திட்டப் பணிப்பாளர் உருத்திரமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, மெதுவான குரல். பொன்னையாவை உட்கார வைத்தார். "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டு, இல்லை என்றதும் தன் காசில் சாப்பிட ஒரு பணிஸும் குடிக்கத் தேத்தண்ணீரும் எடுப்பித்தார். பிறகுதான் கோப்பைத் திறந்தார்.

"கடைசியா எப்ப அங்கை நெருப்பு வைச்சது?"

"நெருப்பே வைக்கிறதில்லைங்க ஐயா. அது சுடுகாடுங்க."

"அதைத்தானே நானும் கேக்கிறன். எரிஞ்ச காடு."

"காடு இல்லைங்க. ஆளுங்கள பொதைக்கிற எடம். ஐயாவுக்குத் தெரியாததா?"

உருத்திரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடினார். காற்சட்டை போட்டிருந்தது நினைவுக்கு வந்து, கைக்குட்டையால் துடைத்தார்.

"எனக்குத் தெரியும். சுடுகாடு எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதோ? ஆனால் எனக்குத் தெரிஞ்சது வேற, நான் இருக்கிற இந்தக் கதிரைக்குத் தெரிஞ்சது வேற. கதிரைக்குக் கெசட்டிலை வந்தது மட்டுந்தான் தெரியும். கெசட்டிலை எரிஞ்ச காடு எண்டு வந்திட்டுது. எரிஞ்சது எண்டால் ஆரோ எரிச்சிருக்கவேணும். சொல்லும், ஒருநாளும் நெருப்பு கொண்டுபோகேல்லையோ?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர் யோசித்தார். "கருப்பண்ணன் செத்தப்போ பொழுது போயிருச்சுங்க. பந்தம் புடிச்சிக்கிட்டுப் போனோம்."

"பந்தம்" என்று உருத்திரமூர்த்தி எழுதிக்கொண்டார். "நல்லது. காட்டுத் தீக்குக் காரணம் எண்ட இடம் இவ்வளவு நாளும் வெறுமையாக் கிடந்தது."

பொன்னையா எழுந்து கும்பிட்டார். "ஐயா, என் பொஞ்சாதிக்கு நெஞ்சுல சீக்கு. ரொம்ப நாள் தாங்காது. மக பக்கத்துல அவள வைக்கணும். அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

உருத்திரமூர்த்தியின் குரல் இன்னும் மெதுவானது. "பேர் பிழை எண்டு ஒரு மனுப் போடும். பிழையான பேரைத் திருத்த விதி இருக்கு. அந்த இடத்துக்கு உங்கட ஆக்கள் வேற என்ன பேர் சொல்லுவினம்?"

"பொதைகாடுன்னும் சொல்லுவோங்க."

"அப்ப அதையே போடும்."

"மயானம்னு போட்டா சட்டுன்னு வெளங்குமுங்களே?"

"அது உங்கட வழக்கிலை இல்லாத சொல்லு. வழக்கிலை உள்ள பேரைத்தான் போடலாம். நாங்கள் பேரை மொழிபெயர்க்கலாம், விளக்கப்படாது. விளக்கம் எண்டால் அது வேற கந்தோர் பாக்கிற வேலை."

அந்தப் பணிஸ் உருத்திரமூர்த்தி என்ற மனிதர் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கேள்விகள் கதிரை கேட்டவை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பொன்னையா அப்படித்தான் பிரித்துப் புரிந்துகொண்டார். மாத்தளை அம்மன் கோயில் வாசலில் இறங்கி, கதிரைக்கும் சேர்த்து ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தார்.

மனு போனது. புதைகாடு என்ற சொல் ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்ந்து, புதைந்த காடு என்று செயலகத்தின் உயர் குழுவுக்கு முன்னால் போய் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை மேல்கணக்கு ஆட்கள் நம்பவேயில்லை. ஜீப்புகள் வந்தன. பணிப்பாளர் நாயகமே வந்தார். லயத்து முற்றத்தில் மேசை போட்டு, மேசைக்கு வெள்ளை விரித்து, அவர் சிங்களத்தில் பேச, உருத்திரமூர்த்தி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"மற்றக் காடுகள் மண்ணுக்கு மேலே நிற்கின்றன. ஆகையால் ஆபத்தில் நிற்கின்றன. மனிதன் காண்கிறான், வெட்டுகிறான். ஆனால் இந்தக் காடு தன்னைத் தானே மண்ணுக்குள் புதைத்துக்கொண்டது. திட்டமிடல் என்றால் என்ன என்பதை நமது செயலகத்துக்கு முன்பே அறிந்திருந்த காடு இது. இதுவரை இதை ஒருவரும் கண்டதில்லை. இனிமேலும் ஒருவரும் காணக்கூடாது. பூரணமான பாதுகாப்பு என்பது அதுதான்."

கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். பொன்னையா பணிவாகக் கையை உயர்த்தினார்.

"ஐயா, ஒரு எடத்துல தோண்டிப் பாத்தீங்கன்னா உள்ளுக்கு என்னா இருக்குன்னு தெரிஞ்சிரும்."

உருத்திரமூர்த்தி அதைச் சிங்களத்தில் சொன்னார். பணிப்பாளர் நாயகம் கோபிக்கவில்லை. படிக்காதவர்களிடம் அவர் ஒருபோதும் கோபிப்பதில்லை.

"பாதுகாக்கப்பட்ட காட்டில் தோண்டுவது குற்றம்."

"தோண்டாம, உள்ளுக்குக் காடு இருக்குன்னு எப்புடிங்க தெரியும்?"

"தோண்டக்கூடாது என்று கெசட்டில் போட்டிருக்கிறோமே. உள்ளே காடு இல்லாவிட்டால் எதற்காக அப்படிப் போடப்போகிறோம்?"

சிவப்புப் பலகையைப் பிடுங்கிவிட்டுப் பச்சைப் பலகை ஊன்றினார்கள். முள்ளுக்கம்பி சுற்றினார்கள். மனித நடமாட்டம் முற்றாகத் தடை. முன்பாவது மரம் வெட்டுகிறவர்கள் உள்ளே போகலாம் என்றிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

பொன்னையா தன் லயத்துக் காம்பராவுக்குள் வந்து ராசம்மாவிடம் சொன்னார். அவள் சாக்குக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அப்ப நம்ம அஞ்சல இப்ப காடாயிட்டாளா?"

"அப்புடித்தான் சொல்றாங்க."

"நல்லதுதான். உசுரோட இருந்தப்ப ஒருத்தனும் காவல் போடல்ல." சிரிக்கப் போய் இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "சுடுகாட்டுக்குப் போறதுக்கும் துண்டுச் சீட்டு வாங்கணுமா இப்ப?" என்றாள்.

"துண்டே குடுக்க மாட்டாங்களாம்."

அவள் கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள். "ஓங்கிட்ட நா வேற எதுவும் கேட்டதில்ல" என்றாள்.

பொன்னையா மறுபடியும் மாத்தளைக்குப் போனார். அதற்குப் பிறகும் போனார். ஒவ்வொரு முறையும் பணிஸ் கிடைத்தது.

ஐப்பசி மழையில் ராசம்மா இறந்தாள். விடியும் முன்பே பெண்கள் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். பொன்னையா மழைக்குச் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு காவல் குடிலுக்குப் போனார். பலீல் சுபஹுத் தொழுகையை முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்தார்.

"நானா, ஒங்க வேலைக்கு வில்லங்கம் வரும். நா கேக்க மாட்டேன். சும்மா சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

"இரிங்கண்ணே." பலீல் வாசலில் நின்று மழையைப் பார்த்தார். "கெழம முடியிறதுக்குள்ள பெரியவர் மரம் நட வாராராம். மண்ணுக்குள்ள ஈக்கிற காட்டுக்கு அடையாளமா, மேல ஒரு காடு வேணுமாம். குழி வெட்ட ஆள் புடிக்கச் சொல்லி ஈக்கு. வேலக்காரன் உள்ள வரலாம். அது நடமாட்டம் இல்லியாம், கடமையாம். குழி எவ்வளவு ஆழம்னு ஒருத்தனும் சொல்லல்ல."

பொன்னையா அவரையே பார்த்தார்.

"நாலு பேர் மம்பட்டியோட வாங்க. கன்னையும் கொண்டாங்க."

"எந்தக் கன்னு நானா?"

பலீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதத்தாண்ணே சொல்றேன். கன்னு கொண்டு வாற மாதிரி கொண்டாங்க."

அப்படித்தான் ராசம்மாவைச் சாக்கில் சுற்றி, மேலே மகோகனிக் கன்றுகளை அடுக்கி, நாலு பேர் தூக்கிப் போனார்கள். தேர்ப்பாடை இல்லை. சங்கு இல்லை. எல்லாவற்றையும்விடப் பொன்னையாவுக்கு வலித்தது, தப்பு மேளம் இல்லை என்பதுதான். தோட்டத்தில் பிறந்தவர் எவ்வளவு இல்லாதவரானாலும் தப்புச் சத்தம் இல்லாமல் போனதில்லை. ஆனால் தப்பு அடித்தால் கீழே பங்களாவில் தங்கியிருந்த செயலகத்து ஆட்களுக்குக் கேட்டுவிடும்.

அஞ்சலையின் பக்கத்தில் இறக்கும்போது, பின்னால் டம டம என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். பலீல் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கம்பி ஓரமாக நடந்து நடந்து அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா நானா?"

"பன்டி" என்றார் பலீல், நிறுத்தாமல். "கன்னு நட்ற நேரம் பன்டி வரும். அடிச்சி வெரட்டச் சொல்லிச் சட்டம் ஈக்கு."

மண் மூடும் வரை அவர் பன்றி விரட்டினார். ஒரு பன்றியும் வந்திருக்கவில்லை. தகரத்துக்கும் தப்புக்கும் தாளம் வேறு. ஆனாலும் வந்திருந்த கிழவிகள் அந்தத் தாளத்துக்கே மாரடித்து, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து அழுதார்கள். கடவுளுக்கு எல்லாத் தாளமும் கேட்கும் என்றுதான் நம்பவேண்டியிருக்கிறது. கடைசியில் மேட்டின் மேல் ஒரு மகோகனிக் கன்றை நட்டார்கள்.

வார முடிவில் பணிப்பாளர் நாயகம் வந்து, படம் பிடிக்க, மிச்சக் குழிகளில் கன்று நட்டார். நட்டதும் பாதுகாப்பு விதி மறுபடி அமலுக்கு வந்தது. நடமாட்டம் தடையாகையால் தண்ணீர் ஊற்ற ஒருவரும் உள்ளே போகவில்லை. மாசி வெயிலில் அத்தனை கன்றும் கருகின. ராசம்மாவின் மேட்டில் இருந்த ஒன்று மட்டும் கருகவில்லை. கம்பிக்குக் கீழே ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. பலீல் நாள்தோறும் அந்தப் பக்கம்தான் ரோந்து போவார். எப்போதும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே போவார்.

எண்பத்தொன்பதில் செயலகத்தின் மூன்றாவது ஆண்டுப் பரிசோதனை நடந்தது. அது வேறு மாதிரிக் காலம், சிங்கள இளைஞர் கிளர்ச்சியை அரசாங்கம் ஒடுக்கிய காலம். தெருவோரம் டயர் எரிந்துகொண்டிருக்கும். காலையில் போன இளந்தாரி மாலையில் வரமாட்டான். எந்தத் தாயிடம் கேட்டாலும், எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தால் போதும் என்றாள். அந்தக் காலத்திலும் வரைபடங்கள் ஓயவில்லை. சிவப்புப் பென்சிலும் பச்சைப் பென்சிலும் புதிதாக வாங்கியிருந்தார்கள்.

பணிப்பாளர் நாயகம் அந்த ஒரே மரத்தின் முன்னால் நின்றார். அது ஆள் உயரத்தைத் தாண்டி, தளதளவென்று நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கள்" என்றார். "புதைந்த காடு வெளியே வரத் தொடங்கிவிட்டது! மனிதனின் கை படாவிட்டால் மண் எதைத் தரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?"

பலீல் ஆகாயத்தைப் பார்த்தார்.

"ஆனால் கனவான்களே, வெளியே வந்துவிட்ட காட்டைப் புதைந்த காடு என்று இனிச் சொல்ல முடியாது. புதைந்திராத காட்டுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. வளர்கிற மரத்தை வெட்டாமல் விடுவது தேசத்துக்குச் செய்யும் துரோகம். நாம் பாதுகாப்பதே வெட்டுவதற்காக. வெட்டுவதே மறுபடி பாதுகாப்பதற்காக."

அங்கேயே, அப்போதே, பச்சைப் பலகையைப் பிடுங்கினார்கள். மரத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் அடிக்கச் சொன்னார்கள். பலீல் தூரிகையை எடுத்தார். பட்டையில் அழுத்தாமல், புதுப் பெண்ணுக்கு வளையல் போடுகிற மாதிரி மெல்ல அடித்தார்.

பொன்னையா உருத்திரமூர்த்தியின் அருகே வந்தார். அவருக்கும் இப்போது நெஞ்சில் இருமல் இருந்தது.

"ஐயா, புதுசா கன்னு நடப்போறீங்கன்னு சொன்னாங்க. இந்த மரத்துக்குப் பக்கத்துல ஒரு குழி எனக்கு வேணுமுங்க. இப்பவே ஒதுக்கிப் போட்டுட்டா நல்லது."

உருத்திரமூர்த்தி மரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சின்ன மேட்டைப் பார்த்தார். குரோட்டன் செடியைப் பார்த்தார். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பணிப்பாளர் நாயகம் பக்கத்தில் நின்றார். கதிரையும் கூடவே வந்து நின்றது.

"மரத்துக்கு மரம் மூண்டு மீட்டர் இடைவெளி விடவேணும். விதி இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு மரம் பக்கத்திலை பக்கத்திலை நிண்டால், ஒண்டை ஒண்டு வளரவிடாது."

பொன்னையா அதை யோசித்துப் பார்த்தார். மறுத்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"வாஸ்தவந்தானுங்க. நானும் அவளும் ஒரே காம்பராவுல, காலம் பூரா பக்கத்துல பக்கத்துலதான் இருந்தோம். ரெண்டு பேருமே வளரல்ல."

"என்ன சொல்கிறார்?" என்று பணிப்பாளர் நாயகம் சிங்களத்தில் கேட்டார்.

உருத்திரமூர்த்தி தொண்டையைச் செருமினார். "இடைவெளி விதி அவருக்கு அனுபவத்திலேயே விளங்கியிருக்கிறதாம்."

பணிப்பாளர் நாயகம் பொன்னையாவின் தோளில் தட்டிக்கொடுத்தார். "இதுதான் மக்கள் பங்களிப்பு" என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

அடுத்த குழிக்கு அடையாள முளை அடிக்க வேண்டியது பலீலின் வேலை. அளவு நாடாவின் ஒரு நுனியைப் பொன்னையா மரத்தடியில் பிடித்துக்கொண்டார். பலீல் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு எட்டு வைத்ததும் நாடாவில் பெரும்பகுதியைக் காலுக்கடியில் மடித்துப் போட்டு மிதித்துக்கொண்டு, "சரியா மூணு மீட்டர்" என்று சத்தமாகச் சொன்னார். கையை நீட்டினால் மரத்தைத் தொட்டுவிடலாம்.

உருத்திரமூர்த்தி அளவைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். முளை இறங்கி முடியும் வரை அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

முளையின் தலையிலும் பலீல் சிவப்பு அடித்தார். அது விதி, அதை மடித்து மிதிக்க முடியாது.

ஜீப்புகள் போய்விட்டன. பொன்னையா முளையின் பக்கத்தில் குந்திக்கொண்டு, மேலே வளையத்தைப் பார்த்தார்.

"இத எப்ப வெட்டுவாங்க நானா?"

"மரம் பருக்கணுமேண்ணே. கன காலம் போவும்."

"சேத்துத்தானே வெட்டுவாங்க? ஒண்ண வெட்டிட்டு ஒண்ண விட மாட்டாங்களே?"

பலீல் தூரிகையைப் புல்லில் துடைத்தார்.

"சேத்துத்தாண்ணே. ரெண்டுக்கும் ஒரே சிவப்புத்தானே."

பொன்னையா தலையாட்டினார். வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார்.